கருக்களாச்சேரிக்கும் கேட்கிற வேகம்

நாலு ஊருக்கு ஒரே நேரத்தில் வயர்லெஸ்ஸில் சேதி விடுகிற வேலையில், போய்ச் சேர்ந்ததா என்று விட்டவளுக்கே தெரியாது. என்னை மாதிரி வயர்லெஸ் பொட்டி முன்னால் முழித்தவர்களுக்கு இது புரியும். பன்னிரண்டாவதில் தேறாமல் காரைக்காலில் ஒரு தகவல் மையத்தில் சேர்ந்தேன். நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்று சாயங்காலம் குரலும் படமும் அனுப்பணும். அந்தந்த ஊர் ஸ்பீக்கரில் கேட்டு, கம்ப்யூட்டரில் படம் பார்த்துவிட்டுத்தான் படகு இறக்குவார்கள்.

பவர்

கருக்களாச்சேரியில் கேட்கவில்லை என்று புகார். பொறுப்பாளர் குமார் சார் பவரைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். அங்கே பாதி கேட்டது. எங்கள் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காரைக்கால்மேட்டு ஸ்பீக்கர் கரகரவென்று கத்தியது. பவர் கூடினால் நல்லாத்தானே சார் கேட்கணும் என்றேன்.

"பக்கத்துல நிக்கிறவன் காதுல போய்க் கத்துனா அவனுக்கு என்னம்மா புரியும்?"

வேகம்

பவரை இறக்கி, வேகத்தையும் குறைத்தோம். மெதுவாக அனுப்பினால் தூரம் போகுமாம். வேகமாக எறிந்தால்தானே கல் தூரம் போகும்? எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் கருக்களாச்சேரிக்குப் போனது. காரைக்கால்மேட்டில்தான் படம் இறங்கி முடிவதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது. அங்கே மீன் ஏலம் விடுகிற சேகர் அண்ணன் சண்டைக்கு வந்தார். ஊருக்கு ஒரு வேகம் கிடையாது, கடைசி ஊருக்கு எட்டுகிற வேகம்தான் எல்லாருக்கும் என்றேன்.

"அவங்களுக்கு எட்டலன்னா நாங்க ஏம்மா நொண்டணும்?"

திசை

சார் அந்தச் சண்டைக்குப் பயந்து வேகத்தைக் கூட்டிவிட்டு லீவில் தன் ஊருக்குப் போய்விட்டார். மறுநாளே பெரிய அலை என்று தகவல். கருக்களாச்சேரி ஸ்பீக்கரைப் பார்த்துக்கொள்கிற கலாவதி அக்கா போனை எடுக்கவில்லை. அவர் வீட்டுக்காரரும் கடலுக்குப் போகிறவர். சேகர் அண்ணன் திட்டினால் திட்டட்டும் என்று படத்தை நிறுத்தினேன். இருக்கிறதிலேயே குறைந்த வேகத்தில் வெறும் குரலை மட்டும் திரும்பத் திரும்ப விட்டேன். கேட்டார்களா, தெரியாது.

காலையில் முதல் பஸ்ஸில் கருக்களாச்சேரிக்கு ஓடினேன். படகெல்லாம் மணலில் கிடந்தது. அப்புறம்தான் மேலே பார்த்தேன். ஆன்டெனா காரைக்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றது. யாரு திருப்பினது என்று கலாவதி அக்காவைக் கேட்டேன்.

"நாங்கதான். கடல் சேதி சொல்ற கம்பி ஊரப் பாத்து நின்னா அதுக்கு என்னடி தெரியும்? அத வுடு, ஒரு தடவ சொன்னா பத்தாதா, புள்ளைங்கள்லாம் பயந்து அழுவுது."

ஆன்டெனாவைத் திருப்பி, வேகத்தைக் கூட்டி, இப்போது நாலு ஊருக்கும் குரலும் படமும் ஒழுங்காகப் போகிறது, ஆனால் இதில் எது எதனால் சரியானது என்று மட்டும் என்னிடம் கேட்காதீங்க.