பொன்னாடைகளுக்குப் பின்னால் ஒரு பாட்டு

1. கோலாலம்பூரில் வாய் மட்டும் அசைந்தது

கோலாலம்பூர் மேடையில் மதி கடைசிப் பாட்டின் முதல் வரியைப் பாடிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, கை கிடாரில் ஓடுகிறது, ஹாலில் ஒன்றும் கேட்கவில்லை. நான் சவுண்ட் டெஸ்க்குக்கு ஓடினேன். அந்த ஹாலின் ஆள் அமைதியாகத் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். எங்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடலாம், நேரம் போனால் என்னத்தைப் போடுவது?

அந்த நேரம் பொன்னாடையில் போனது. எங்களை அழைத்த சங்கத்தின் தலைவர், துணைத் தலைவர், சாப்பாடு ஸ்பான்சர், பேனர் அடித்தவர், ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பியவர், அந்த வண்டியை ஓட்டியவரின் மாமனார் என்று ஒவ்வொருவராக மேடையேறினார்கள். ஒருவர் போர்த்த, ஒருவர் குனிய, போட்டோகிராபர் "இன்னொண்ணு சார், கண்ணை மூடிட்டீங்க" என்று சொல்ல, அதுவே ஒரு தனிக் கச்சேரியாக நடந்தது.

நான் எஸ்தர். மேடை மேனேஜர் வேலை. மயிலாடுதுறையில் எங்கள் சர்ச்சில் ஞாயிறு பள்ளி டீச்சராக இருந்து, கிறிஸ்துமஸ் நாடகம் போட்டுப் போட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். தேவதூதன் வருவதற்குள் தூங்கிவிடும் மேய்ப்பர்களையும், நட்சத்திரத்தைப் பார்த்து வரும்போதே ஒட்டுத்தாடி கழன்ற சாஸ்திரிகளையும் சமாளித்தவளுக்கு எந்த மேடையும் பெரிதில்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. பிறகு தஞ்சாவூரில் ஒரு ஈவென்ட் கம்பெனி, அதன்பின் கச்சேரி டூர்கள். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் "ஒரு அட்வைஸ் சொல்லுங்க மேடம்" என்று கேட்கிறார்கள். அட்வைஸை விடக் கதை நன்றாக ஞாபகத்தில் நிற்கும்.

மதியழகன் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன். என் பழைய வேலையை வைத்து என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவன். அவனுடைய புது ஆல்பத்தின் பெயர் 'கடைமடை'. வாய்க்காலில் வரும் தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம்தான் கடைமடை. பல வருஷம் எட்டியும் பார்க்காது. அதே பெயரில் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஒவ்வொரு ஊரிலும் பொன்னாடையெல்லாம் பாய்ந்து முடித்த பிறகு அந்தப் பாட்டுக்குத்தான் நேரம் வருவதில்லை. பெயர் வைத்த நேரம் அப்படி என்று மதியை நான் கேலி செய்வேன். அவன் சிரிக்கமாட்டான்.

அவன் சிரிக்காததற்குக் காரணம் அவனுடைய அக்கா ராணி. சின்ன வயதில் அந்தப் பெண் நடவுக்குப் போய்த் தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்பி, பிறகு விட்ட படிப்பைத் தானும் பிடித்து நர்ஸிங் முடித்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். பாட்டு அக்காவைப் பற்றியது. "நான் நேர்ல பாடற வரைக்கும் நீ கேக்கக் கூடாது" என்று மதி சத்தியம் வாங்கியிருந்தான். அக்காவும் அதைக் காப்பாற்றினார். டூரின் கடைசி ஊர் லண்டன். அங்கே அவர் வருவதாக ஏற்பாடு.

2. பையை ஒளித்து வைத்தேன்

சிங்கப்பூரில் நான் தன்மையாகப் பேசிப் பார்த்தேன். பொன்னாடையை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "கூட்டம் வர வேணாமாங்க? காலி நாற்காலிக்கு முன்னாடி போர்த்திக்கிட்டு என்ன பண்றது?" என்றார்கள். சரி, கடைசியில் வையுங்கள் என்றேன். "கடைசியில சாப்பாட்டுக்கு எந்திரிச்சிடுவாங்க" என்றார்கள். ஆகவே கடைசிப் பாட்டுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது என்றால் ஒருத்தரும் எழுந்து போகமாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மதி ஒரு சரணம் பாடுவதற்குள் ஹால் நேரம் முடிந்தது.

பாரிஸில் தன்மையை விட்டுவிட்டேன். பொன்னாடைப் பையை எடுத்து டிரம்ஸ் வைக்கும் காலிப் பெட்டிக்குள் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து அக்கறையாகத் தேடினேன். ஐந்து நிமிஷத்தில் ஒருவர் சந்தோஷமாக ஓடி வந்தார். "கவலைப்படாதீங்க மேடம், கார்ல இன்னொரு பை இருக்கு." திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயிலில் லண்டன் போகும்போது மதியிடம் சொன்னேன். "அந்தப் பாட்டை முதல்ல பாடிடு. நான் ரன்னிங் ஆர்டரை மாத்திடறேன்." எந்தப் பாட்டுக்குப் பின் எது, யார் எப்போது மேடைக்கு வருவது என்று எழுதி ஒட்டும் தாளைத்தான் ரன்னிங் ஆர்டர் என்போம்.

"முடியாது டீச்சர்."

"ஏன்டா முடியாது?"

"அக்கா முன்னாடி அதைப் பாடுனா நான் அழுதுடுவேன். அழுத தொண்டையை வச்சிக்கிட்டு மத்த பாட்டை எல்லாம் எப்படிப் பாடறது?"

தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

3. லண்டனில் விட்டுப்போன பெயர்

லண்டனில் எங்களை அழைத்த சங்கத்தின் செயலாளர் குணசேகரன், திருக்காட்டுப்பள்ளிக்காரர். தங்கமான மனுஷன். தாளில் பத்தொன்பது பெயர் வைத்திருந்தார்.

"பாதியா குறைங்கய்யா" என்றேன்.

"மேடம், ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா போதும், அடுத்த வருஷம் சங்கம் ரெண்டாயிடும். ஏற்கெனவே ஒரு தடவை ஆயிருக்கு."

"உங்க ஊரு மேல்மடை, ஆத்துத் தண்ணி முதல்லயே வந்துடும். அதான் உங்களுக்கு அவசரமே தெரியல."

அவர் நன்றாகச் சிரித்தார். ஆனால் ஒரு பெயரையும் எடுக்கவில்லை.

அக்கா சொன்னபடி வந்தார். அன்று அவருக்கு நைட் டியூட்டி. யூனிஃபார்முக்கு மேல் கோட் போட்டு, தோளில் பையோடு, கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "நேரத்துக்குக் கிளம்பிடுவேன் டீச்சர், இந்த பஸ்ஸை விட்டா டியூட்டிக்குப் போக முடியாது" என்று முதலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். அதற்குள் எல்லாப் பாட்டும் முடிந்துவிடும் என்று நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

பாட்டெல்லாம் அருமையாகப் போயின. கடைசிப் பாட்டுக்கு முன்னால் குணசேகரன் மைக்கைப் பிடித்தார். பொன்னாடை ஆரம்பித்தது. ஆறேழு பேர் முடிந்திருப்பார்கள், மற்றவர்கள் மேடையோரம் வரிசையில் நின்றார்கள். அக்கா போனில் நேரம் பார்ப்பதும், மேடையைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்புறம் பையின் வாரைச் சரிசெய்தார். மதி அதைப் பார்த்துவிட்டான். கிடாரைக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல வேளையாக எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும். நேராகக் குணசேகரனிடம் போய்க் காதில் சொன்னேன்.

"ஐயா, ஒரு பேரு விட்டுப்போச்சு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "யாரு மேடம்?"

"பாடகரோட கூடப்பிறந்த அக்கா. அதோ, கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க."

"அடடா, முதல் பொன்னாடையே அவங்களுக்குல்ல போட்டிருக்கணும்." அடுத்த நொடி மைக்கில் அறிவித்துவிட்டார்.

அக்கா தலையை ஆட்டினார், கையை ஆட்டினார், கதவைக் காட்டினார். நம் ஜனம் விடுமா? இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போர்த்துவது தலைவரா, துணைத் தலைவரா என்று அங்கே ஒரு சின்னக் குழப்பம் வந்தது. "தம்பியே போர்த்தட்டும்" என்றேன். அதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்?

மதி போர்த்தினான். போர்த்தி நிமிர்ந்தவனைப் பார்த்து, பிறகு சவுண்ட் டெஸ்க்கைப் பார்த்து, நான் கையைத் தூக்கினேன். ஆரம்பி என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் சைகை. அவன் புரிந்துகொண்டான். கிடார் தொடங்கியது.

மேல்மடை நெல்லு கதிராச்சு,
கடைமடை இன்னும் வெடிப்பாச்சு,
நாத்துக்கட்டு தூக்கிப் போனவ
நோட்டுப் புத்தகம் எனக்குத் தந்தா.

பாட்டு ஆரம்பித்த பிறகு மேடையில் நடக்கக் கூடாது என்ற மரியாதை நம்மவர்களுக்கு உண்டு. வரிசையில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அடுத்தவருக்குப் போர்த்தத் தலைவர் விரித்த பொன்னாடை விரித்தபடியே இருந்தது, பாவம், கொடிக்கம்பம் மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தார். போட்டோகிராபர்கூடச் சும்மா இருந்தார்.

இரண்டாவது சரணத்தில் மதி அழுதுவிட்டான், பாட்டு நின்றது. கிடார் மட்டும் ஓடியது. அக்கா தன் தோளில் கிடந்த பொன்னாடையின் நுனியால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவன் வாய்க்கு நேரே இருந்த மைக்கில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பாடுடா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஹாலே சிரித்தது. மதியும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடினான். அந்த டூரில் அது முழுசாகப் பாடப்பட்டது அந்த ஒரு தடவைதான். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அக்கா அழவில்லை. "நடந்ததைத்தான் எழுதியிருக்க, கூட்டி எழுதல" என்று சொல்லி அவன் தலையை ஒரு தடவை கலைத்தார். பொன்னாடையைக் கழற்ற நேரமில்லாமல் கோட்டின்மேல் அது கிடந்தபடியே ஓடினார். இங்கேயும் நேரம் முடிந்து ஹாலில் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். பாக்கிப் பெயர்களுக்கு வெளியே கார் பார்க்கிங்கில், குளிரில், மைக் இல்லாமல் குணசேகரன் கத்திக் கத்திப் போர்த்தி முடித்தார். சங்கம் பிழைத்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பொன்னாடையோடு சண்டை போடாதீர்கள், ஜெயிக்க முடியாது. அதை எப்படி நம் பக்கம் திருப்பிக்கொள்வது என்று பாருங்கள். ரன்னிங் ஆர்டர் எழுதுவதற்கு முன்னால், யாருக்காகப் பாடப்போகிறோம், அவருக்கு எந்த பஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.