மச்சினனுக்கு நான் செய்த விமானம்

பழைய அம்பாசிடர் காரின் சீட்டு ஒன்று. அதன் முன்னால் பிடித்து ஆட்ட ஓர் இரும்புக் கம்பி, காலுக்கு இரண்டு பெடல். எதிரே கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம். அதன் மேல் சைக்கிள் பிரேக் கேபிள் இழுத்த பக்கமெல்லாம் ஓடும் ஒரு டார்ச் பல்பு. என் மனைவியின் தம்பியை விமானப்படைப் பைலட் ஆக்குவதற்காக, துடியலூரில் என் லேத் பட்டறையில் என் கையாலேயே செய்த இயந்திரம் அது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் எந்தச் சாமானையும் ஒரு தடவை சொல்லக் கேட்டால் போதும், செய்துவிடுவேன். நான் கடைந்து கொடுத்த பம்பு சாஃப்ட் ஒன்றாவது குறை என்று திரும்பி வந்ததாகப் பல்லடம் வரைக்கும் ஒருத்தனும் சொல்ல முடியாது.

மச்சினன் பி.எஸ்சி. முடித்தவன். எழுத்துத் தேர்வில் தேறி, மைசூருக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அங்கே முதல் நாளே இயந்திரத்தில் உட்கார வைப்பார்களாம். ஓடுகிற வெளிச்சப் புள்ளியைக் கம்பியாலும் பெடலாலும் வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதில் தவறினால் ஆயுசுக்கும் இன்னொரு தடவை உட்கார விடமாட்டார்கள். காந்திபுரத்தில் பழைய புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, இடது பெடலை அழுத்தினால் விமானம் இடது பக்கம் திரும்பும் என்று அதில் போட்டிருப்பதைக் காட்டினான். நான் செய்திருந்ததோ நேர்மாறாக.

"சைக்கிள்ல எடது கையை முன்னால தள்ளுனா வண்டி எந்தப் பக்கம் போவும்? வலதுக்குத்தானே? புஸ்தகம் எழுதுனவன் வாழ்க்கைல ஒரு பெடலைக் கடைஞ்சிருப்பானா? உட்காருடா!" என்றேன்.

"சரிங்க மச்சான்" என்று உட்கார்ந்தான்.

தினமும் மத்தியானச் சாப்பாடு ஆனதும் பயிற்சி. பின்னால் நின்று பட்டறை ஆள் ஒருவன் கேபிளை இழுத்துப் பல்பைக் கலைப்பான். பல்பு வட்டத்தை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் இரும்பு ஸ்கேலால் மச்சினனின் முழங்கால் எலும்பில் போடுவேன். ஆட்கள் கத்துவார்கள்: "உழுந்துபோச்சுங்கோ! ஏரோப்ளேன் சோளக்காட்டுல உழுந்துபோச்சு!" சாஃப்ட் வாங்க வந்த பல்லடத்துத் தறிக்காரர் ஒருவர் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க மச்சினன் ஓட்டற ஏரோப்ளேன்ல ஏறோணும்னா ஊட்டுல எழவு சொல்லிப்போட்டுத்தான் ஏறோணுமாட்ட இருக்குதுங்க" என்றார். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் நான். மச்சினன் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது நாளில் அவன் கால் யோசிக்காமலே என் பெடலுக்குப் பழகிவிட்டது. பல்பு வட்டத்துக்குள்ளேயே நின்றது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், காலேஜ் செய்யாததை என் ஸ்கேல் செய்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

மைசூருக்குப் போனவன் மறுநாளே பையோடு நேராகப் பட்டறைக்கு வந்து நின்றான்.

"அங்க எடது காலை அமுத்துனா எடதுக்கே போச்சுங்க மச்சான். தெரிஞ்சும் காலு கேக்கலீங்க."

அவ்வளவுதான் சொன்னான், என்னைக் குறை சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் லேத்துகளை நிறுத்திவிட்டு எட்டு ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "பயத்துல காலு நடுங்கியிருக்கும். வந்து என்ற மிசினு மேல பழி போடறான் பாரு!" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். வீட்டில் மனைவியிடமும் "உன்ற தம்பி பயந்தாங்கொள்ளி" என்றேன். அவளும் நம்பினாள். மறுநாள் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் இயந்திரத்தை கேஸ் கட்டரால் அறுத்து, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன். மச்சினன் என் இரண்டாவது லேத்தில் வேலைக்கு நின்றான். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான். பட்டறையில் அவன் பெயர் 'பைலட்டு'. புதிதாக வருகிறவர்கள் அதுதான் அவன் நிஜப் பெயர் என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் அவன் மகள் பட்டறைக்கு வந்தாள். காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை. கையில் ஒரு விண்ணப்பத் தாள்.

"மாமா, இப்பப் பொண்ணுங்களையும் பைலட்டுக்கு எடுக்கறாங்க. எழுதலாம்னு இருக்கேனுங்க. எங்கப்பனுக்கு அன்னைக்குக் காலு நடுங்கிருச்சாமா, மெய்யாலுங்களா? அந்தப் பயம் எனக்கும் இருக்குமோன்னுதான் ரோசனையா இருக்குது."

பெடலை நான்தான் மாற்றி வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மச்சினன் மூன்றடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு லேத்தில் நின்றிருந்தான். இப்போது என் பட்டறையில் பதினான்கு ஆட்கள். பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா கண்ணு, நடுங்கிப்போச்சு" என்றேன்.

அந்தப் பிள்ளை தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது. மச்சினன் லேத்தை நிறுத்தவில்லை.