நூறு மீட்டர் தள்ளி

ஆஸ்திரேலியாவில் திமிங்கலத்துக்கு இருக்கிற மரியாதை நம்மூரில் மனுஷனுக்குக்கூடக் கிடையாது. படகு நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். துரத்தக் கூடாது, வழி மறிக்கக் கூடாது. திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்தில் முன்னால் போகிறவர் குதிகாலை மிதித்தே வளர்ந்த எனக்கு, இதைப் படித்ததும் அழுகைதான் வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கண்நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது. ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் மங்கலாக ஒரு வட்டம் மட்டும் மிச்சம். அதுவும் அடுத்த சீசன்வரை நிற்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்குள் ஒரு திமிங்கலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகவே இங்கே வந்திருந்தோம்.

சட்டத்தை மதிக்காத இன்னொரு படகும் இருந்தது. 'தொட்டே பார்க்கலாம்' என்று விளம்பரம். படத்தில் தாயையும் குட்டியையும் வளைத்துக்கொண்டு நின்றது, ஒருவர் மேலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. ஆனாலும் அதிலேயே போகத் துணிந்துவிட்டேன். படத்தில் என்ன இருக்கிறதென்று அவர் கேட்டார், சொன்னேன்.

"குட்டி வெச்சிருக்குதா? அப்ப வேணாம்மா. தள்ளியே நின்னு பாப்போம்."

"தள்ளி நின்னா உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று கத்திவிட்டேன். கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது.

நூறு மீட்டர் படகின் டிக்கெட் கவுன்டரில், எவ்வளவு கிட்டப் போவீர்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன். நான் பயப்படுவதாக நினைத்து அந்தப் பெண் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "கவலையே படாதீர்கள், கிட்டப் போகவே மாட்டோம்."

கல்யாணமான புதிதில் வேங்கிக்கால் வீட்டிலிருந்து மாதம் தவறாமல் கிரிவலம் போவோம். "மலை எப்பவும் சோத்துக்கைப் பக்கந்தான். தூங்கிக்கினே நடந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக் கும்புடு, போதும்" என்பார். அடி அண்ணாமலை தாண்டும்போது அவர் உடம்பு தானாகவே வலப்பக்கம் திரும்பும்.

நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தினார்கள். அவர் ஜாக்கெட் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். திடீரென்று 'புஸ்'ஸென்று பெரிய மூச்சு. இடப்பக்கம் கருத்த முதுகு எழும்பியது. அவரும் திரும்பினார், வலப்பக்கம். இரண்டு கையும் தலைக்குமேல் போய்விட்டது. ஐயோ, இந்தப் பக்கங்க! என்று கத்த வாயெடுத்தேன். அவர் தோளைப் பிடிப்பதற்குள் வால் தூக்கி உள்ளே போய்விட்டது. இங்கே யாரும் அதைத் துரத்த மாட்டார்கள்.

"கருப்பா, பெருசா... அதானேம்மா?"

அவர் காட்டிய இடத்தில் மேகத்தின் நிழல் விழுந்திருந்தது.

"அதாங்க" என்றேன். "நல்லாப் பாத்துக்குங்க."

அவர் நிழலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தபடி, மறுபக்கம் மூடிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.