தமயந்தி பார்க்காத வேர்

தமயந்தியின் மகளிடமிருந்து போன் வந்தபோது நான் நன்னிலம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். “அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க அங்கிள்” என்றாள். அன்று தமயந்தியும் நானும் கலியமூர்த்தியின் வயலில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வேர் பார்ப்பதாக இருந்தது. வந்த பேருந்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய்த் தஞ்சாவூர்ப் பேருந்துக்கு நின்றேன்.

நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் கூடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொல்லும் தெம்பும் இல்லை. பயறுச் செடியின் வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்குக் கொடுக்கும் உயிரைத்தான் வளர்த்துப் பாக்கெட்டில் அடைத்தோம். அதைக் கஞ்சியில் கலந்து விதையில் பிசறி விதைக்க வேண்டும். நெல் அறுப்பதற்கு முன்பே, ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைத்தாக வேண்டிய நம் பக்கத்து அவசரத்தில் வடித்த கஞ்சியைச் சூட்டோடு ஊற்றிவிடுவார்கள், உள்ளே இருப்பதெல்லாம் வெந்துபோகும். எந்த வீட்டுக்குப் போனாலும் தமயந்தி முதலில் கஞ்சியில் விரலை விடுவார். “உங்க கைக்குச் சுட்டா அதுக்கும் சுடும்ங்க” என்பார்.

எருவைப் பற்றிப் பேசினால்தான் அவரோடு யாருக்கும் ஒத்துவராது. மேலதிகாரிகளுக்குப் பாக்கெட் போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு கூட்டத்தில் எழுந்து, “எரு இல்லாத மண்ணுக்குப் பாக்கெட் கொடுக்குறது, அடுப்பு எரியாத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்புற மாதிரி” என்றார். சிரித்தார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. வெளியே வந்ததும் அவர், “விடுங்க சார், அடுத்த கூட்டத்துலயும் இதையேதான் சொல்லப்போறேன், அப்பவும் டீதான் குடிக்கப்போறோம்” என்றார்.

கலியமூர்த்தி குத்தகைக்காரர். தமயந்தியின் பேச்சைக் கேட்டு, வருஷா வருஷம் கோடையில் பாதி வயலில் மட்டும் ஆட்டுக்கிடை போட்டார். இரவில் ஆடுகளை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். மறுபாதிக்கு வெறும் பாக்கெட். கிடைக்குச் செலவு ஆகிறது, விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. “இந்த மாசியில வேரைப் பாத்துட்டு கிடையை விட்டுடுறேன் மேடம்” என்று சொல்லிவிட்டார். அன்று திரும்பும் வழியில் தமயந்தி, “நம்ம பாக்கெட் இல்லாமலே முடிச்சு வைக்கிற மண்ணை ஒரு தடவை பாத்துட்டாப் போதும், நான் கடையைச் சாத்திடுவேன்” என்றார்.

கருமாதி முடிந்து கலியமூர்த்தியின் வயலுக்கு நான் மட்டும் போனேன். நெல் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து நின்றது. கிடை போடாத பாதியில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வாய்க்காலில் அலசினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெளுப்பு, வேலை செய்யாத முடிச்சு. “இதோட எல்லாத்தையும் விட்டுடுறேன் சார்” என்றார் கலியமூர்த்தி.

வரப்பில் நின்ற அவர் மனைவி செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தார். “தப்பு என்னோடது. அறுப்பு மிஷினுக்கு நாள் வெச்சாச்சு, ஈரம் காயுதுன்னு இவரு ஒரே கத்தல். ஆறாத கஞ்சியைத்தான் ஊத்துனேன்.”

“எந்தப் பாதி விதைக்கு?”

“மொத்தத்துக்கும்தான்.”

அப்படியானால் கிடைப் பாதியிலும் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். ஆனாலும் வந்த கடனுக்குக் கிடைப் பாதியில் ஒரு செடியைப் பெயர்த்து அலசினேன். வேர் முழுக்க முடிச்சு. கிள்ளினேன், நல்ல சிவப்பு. இன்னொரு செடியிலும் அப்படியே. நாங்கள் கொடுத்தது கஞ்சியிலேயே செத்துவிட்டது. இவை முந்தைய வருஷங்களில் மண்ணில் இறங்கி, எருவைத் தின்று தங்கிவிட்டவை. சிவப்பு முடிச்சைக் கலியமூர்த்தியின் உள்ளங்கையில் வைத்து இதைச் சொன்னேன்.

“அப்ப சித்திரைக்குக் கிடைக்காரங்ககிட்ட சொல்லி வெச்சிடவா சார்?”

“சொல்லிடுங்க.”

“மேடம் இருந்தா என்னைத் திட்டியிருப்பாங்க” என்றார் செல்வி.

“திட்டிட்டு, இன்னொரு செடியைப் பிடுங்கச் சொல்லியிருப்பாங்க” என்றேன்.

தமயந்தி, நீங்கள் கேட்ட மண் இருக்கிறது. உங்களுக்குப் பதில் நான் பார்த்துவிட்டேன், அதுதான் ஆறவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். நேற்று வீட்டில் சோறு வடித்தபோது, விதைக்க ஒன்றுமில்லாத அந்தக் கஞ்சியிலும் விரலை விட்டுப் பார்த்தேன். சுட்டது.