பிள்ளை அழவே இல்லை

இரண்டாயிரத்து ஆறு, ஏழு காலம். இலங்கை மலையகத்து ஹட்டனில், பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க, போட்டோ கொப்பி அடிக்க, விண்ணப்பக் கடிதம் டைப் செய்ய என்று ஆட்கள் வருவார்கள். மூன்று கொம்பியூட்டர்களில் இன்டர்நெட்டும் இருந்தது. மழை பலமாகப் பிடித்தால் அது போய்விடும், மழை விட்டால் திரும்பி வரும். ஹட்டனில் மழை எப்போது விடும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கடை முதலாளி ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆட்கள் கொடுக்கிற கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட நாமாக மாற்றக்கூடாது. பிழை என்று தெரிந்தாலும் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கடித விஷயத்தில் நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வேலை இல்லாத நேரத்தில் நான் கொம்பியூட்டர் முன்னால் இருந்தால், பிள்ளை ஏதோ படிக்கிறது என்று அவர் பாட்டுக்கு இருப்பார்.

நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது தமிழில் நிறைய இணையக் குழுமங்கள் இருந்தன. நான் சேர்ந்திருந்த குழுமத்தில் கவிதைக்கென்றே ஒரு பகுதி. சென்னை, சிங்கப்பூர், லண்டன், டுபாய் என்று எங்கெங்கோ இருப்பவர்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் கவிதை போட்டால் அரை மணி நேரத்தில் நாலு பேர் வந்து வாழ்த்துவார்கள். "அருமை தோழி", "தொடருங்கள்", கூடவே ஒரு ரோஜாப்பூப் படம். நான் உங்களுக்கு அருமை போட்டால் நீங்கள் எனக்கு அருமை போட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அந்த ரோஜாப்பூவுக்காக நான் எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன். என் கவிதைகளில் நிலா இருந்தது, மௌனம் இருந்தது, வரிக்கு வரி மூன்று புள்ளிகளும் இருந்தன. படிக்கத்தான் ஆள் அதிகம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் அவருக்கு வேலை. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பையிலிருந்து ஒரு நோட்டுக் கொப்பியை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ கொப்பி அடிக்கச் சொன்னார். பத்திரிகைக்கு அனுப்பவாம். ஏற்கெனவே ஐந்தாறு அனுப்பி ஒன்றும் வரவில்லையாம். மெஷின் சூடாகிற வரைக்கும் அந்தப் பக்கத்தைப் படித்தேன். தொட்டில் கட்டுகிற கயிற்றைப் பற்றி ஒரு கவிதை.

எனக்கு உடனே பெரிய மனுஷித்தனம் வந்துவிட்டது. பத்திரிகைக்கு ஏன் காத்திருக்கிறீர்கள், இன்டர்நெட்டில் போட்டால் உலகம் முழுக்கப் படிப்பார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் சரியென்றார். அவர் பெயரிலேயே குழுமத்தில் சேர்த்துவிட்டு, அந்தக் கவிதையை உள்ளது உள்ளபடி டைப் செய்து போட்டேன்.

மூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள். பிரிண்டர் அடிக்கடி மக்கர் பண்ணும் என்பதால் மூன்றையும் ஒரு தாளில் கையால் எழுதி, அடுத்த ஞாயிறு கொடுத்தேன். அவர் அதை நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். மூன்று பேர் படித்தார்கள் என்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். எனக்குத்தான் மூன்று போதவில்லை.

அடுத்த கவிதையை டைப் செய்யும்போது நானாவின் சட்டம் எனக்கு ஞாபகம் வரவில்லை. முதலில் ஒரு சொல்லை மாற்றினேன், பிறகு ஒரு வரியை. தோட்டத்துக் கவிதை என்றால் கடைசியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழ வேண்டும் என்பது என் எண்ணம். அவர் கவிதையில் அது விழவில்லை, நான் விழவைத்தேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். அதற்கடுத்ததற்குப் பதினான்கு. பாராட்டுகளை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அவர் கொம்பியூட்டர் பக்கம் வரவே கூச்சப்படுவார், கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்று வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பாராட்டெல்லாம் என் வரிக்கு வந்தது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக அவர் கொண்டுவந்த கவிதைதான் விஷயம். ஒரு தாய் மலையிலிருந்து ஓடி வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். கொடுத்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். பிள்ளை குடித்து முடித்துவிட்டு அவள் மூக்கைப் பிடித்து இழுக்கிறது, வாய்க்குள் விரலை விடுகிறது, அவள் எழும்பவில்லை. மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை, தாயைத் திரும்பக் கூப்பிட வாசலில் வந்து, பிள்ளை இன்னும் குடித்து முடியவில்லையா என்று கேட்கிறார். இல்லை என்று மடுவத்து அக்கா பொய் சொல்கிறார். பிள்ளை சிரிக்கிறது. அவ்வளவுதான் கவிதை.

எனக்கு அது ஏதோ துணுக்கு மாதிரி இருந்தது. கணக்கப்பிள்ளையையும் பொய்யையும் தூக்கிவிட்டு இப்படி முடித்தேன்:

மார்பில் பாலில்லை மலைமகளுக்கு – அவள்
கண்ணீர் குடித்துக் கண்ணுறங்கியது பிள்ளை.

குழுமமே அழுதது. இருபத்தாறு பதில்கள். லண்டனில் இருக்கிற ஓர் அம்மா, லேசில் யாருக்கும் அருமை போடாதவர், அந்தக் கடைசி இரண்டு வரிகளை எடுத்துப் போட்டு ஒரு பக்கத்துக்குப் பாராட்டி எழுதியிருந்தார். மாதத்தின் சிறந்த கவிதையாக அதை முதல் பக்கத்தில் வைக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். லண்டன் அம்மாவின் பதிலை ஒரு சொல் விடாமல் தாளில் எழுதினேன். அவர் எடுத்துக்காட்டிய இரண்டு வரிகளையும் சேர்த்துத்தான். என் வரியை என் கையாலேயே அழகாக எழுதுகிற சந்தோஷத்தில், அதை யார் படிக்கப் போகிறார் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு அன்று அக்கா வந்ததும் முதலில் ஒரு உதவி கேட்டார். கவிதையில் வருகிற தாய் அவர் லயத்து வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவர். உங்களையும் பிள்ளையையும் வைத்து எழுதியிருக்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். கொப்பியை யாருக்கும் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கொழும்பில் வேலை செய்கிற புருஷன் தீபாவளிக்கு வரும்போது காட்ட வேண்டும், அச்சடித்து ஒன்று வாங்கித் தாங்க என்று அந்தத் தாய் கேட்டாராம். நான் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, பாராட்டுத் தாளை நீட்டினேன்.

படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு, முதல் தடவையாகக் கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்து, கவிதையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மெதுவாக, உதடு அசையப் படித்தார்.

"புள்ள அழவே இல்ல தங்கச்சி. சிரிச்சிச்சு. சிரிச்சதாலதான் நான் எழுதுனேன்."

இப்படி முடித்தால்தான் மனசில் நிற்கும் அக்கா, எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அவங்களுக்குப் பாலு இல்லேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டோமே. இத எப்படி அவங்க கையில குடுக்குறது?"

செய்தது நான், ஆனால் தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசினார். மற்றக் கவிதைகளும் இப்படித்தானா என்று கேட்டார். முதல் கவிதையைத் தவிர மற்றதெல்லாம் அப்படித்தான் என்றேன். அவர் கொப்பிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த பாராட்டுத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை மேசைமேல் வைத்தார்.

"இதெல்லாம் ஒங்களுக்கு வந்தது" என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வெட்கம் என்றால் என்னவென்று அந்தப் பதினைந்து நாளில்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் குழுமத்தில் நடந்ததையெல்லாம் எழுதிப் போட்டேன். சிலர் திட்டினார்கள். சிலர், உங்கள் முடிவுதான் நன்றாக இருக்கிறது, விடுங்கள் என்றார்கள். அதுதான் இன்னும் கூசியது. பொறுப்பாளர் கவிதையை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த அக்கா எழுதியதை எழுதியபடியே போடுங்கள் என்று கேட்டார். போடலாம். ஆனால் அது அக்காவின் கொப்பியில் அல்லவா இருக்கிறது?

நானாவிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு நாள் லீவு கேட்டேன். போயிட்டு வாங்க மகள் என்று மட்டும் சொன்னார்.

லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து போய்ச் சேரும்போது பத்து மணி இருக்கும். மடுவத்தில் ஏழெட்டுத் தொட்டில். அக்கா ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்றார், துடைத்த பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கப் போய்விட்டார். நான் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை எடுப்பதற்குள் அந்தப் பிள்ளை என் பாவாடையை நனைத்துவிட்டது.

அந்த நேரம்தான் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்து, என் மடியில் இருந்த பிள்ளைக்குக் கை நீட்டினார். கவிதையில் வந்த தாய் அவர்தான். கடையில் டைப் பண்ணுகிற தங்கச்சி இவங்கதான் என்று அக்கா என்னை அறிமுகப்படுத்தினார். அதோடு நிறுத்திக்கொண்டார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் அந்தப் பெண் பிள்ளையை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒன்று அடித்துத் தருவீர்களா என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டார். முடியவில்லை, நானே சொல்லிவிட்டேன்.

"எனக்கா பாலு இல்ல?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினார். "இவனப் பாத்தா அப்படியா தெரியிது?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, நிஜமாக என்னதான் எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டார். அக்கா தயங்கினார். அலமாரியிலிருந்து கொப்பியை எடுத்து, தான் படிக்காமல் என்னிடம் கொடுத்தார். நான் சத்தமாகப் படித்தேன். மூக்கைப் பிடித்து இழுக்கிற இடத்தில் அந்தப் பெண் சிரித்தார். கடைசி வரிகளுக்கு வந்தேன்.

புள்ள இன்னும் குடிக்கலையான்னு
கணக்கப்பிள்ளை கேட்டாரு.
குடிக்கலைங்கன்னு சொன்னேன்.
என் பொய்யைக் கேட்டு
மடியில கெடந்த புள்ள சிரிச்சிச்சு.

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தார்.

"அன்னிக்கு வேணும்னுதான் எழுப்பாம விட்டீங்களா? என்னை எழுப்ப ஒங்களுக்கு ஞாபகமில்லாமப் போச்சுன்னுல்ல நெனச்சேன்."

அக்கா தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கயிற்றை மறுபடி இறுக்கினார். இருபத்தாறு பேரை அழவைத்த என் முடிவு, இந்த ஒருத்திக்குத் தெரிந்திருக்க வேண்டிய அன்பைத் துடைத்துப் போட்டிருந்தது. அதைத் துணுக்கு என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது?

அங்கேயே உட்கார்ந்து கவிதையை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதினேன். கணக்கப்பிள்ளையிடம் சொன்ன பொய்யையும் போடலாமா, வம்பு வராதா என்று கேட்டேன். "அவரு இன்டர்நெட்டுல ஒக்காந்து கவிதை படிக்கப் போறாராக்கும்" என்றார் அக்கா. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கவிதையை அப்படியே போட்டேன். ஆறு பதில்கள். லண்டன் அம்மா இந்தத் தடவை இரண்டே வரிதான் எழுதியிருந்தார், சிரித்துவிட்டேன், அது பொய் என்று அந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்று. டுபாயிலிருந்து ஒருவர், தானும் அப்படி ஒரு மடுவத்துத் தொட்டிலில் வளர்ந்தவன்தான் என்று எழுதியிருந்தார். அவர் அதுவரை குழுமத்தில் ஒரு சொல்கூட எழுதியதில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அக்கா வந்தார். பிரிண்டரைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சி இரண்டு பிரதி அடித்து வைத்திருந்தேன், ஒன்று அவருக்கு, ஒன்று அந்தத் தாய்க்கு. பதில்கள் எழுதிய தாளையும் கொடுத்தேன். இந்தத் தடவை ஆறு பேர்தான் அக்கா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் தாளைப் பிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஆறும் எனக்குத்தானா?"

"ஆமாக்கா. ஆறும் ஒங்களுக்குத்தான்."

அதற்குப் பிறகுதான் பிரித்துப் படித்தார். படித்து முடித்து, அந்த முதல் தாளோடு சேர்த்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் குழுமம் இப்போது இல்லை. நானும் நிலாவையும் மௌனத்தையும் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் யாராவது எழுதியதைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒரு வரியையாவது மாற்றிப் பார்க்கச் சொல்லிக் கை இன்றைக்கும் துறுதுறுக்கிறது, அப்போதெல்லாம் அந்த அக்கா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று "ஆறும் எனக்குத்தானா" என்று கேட்பது காதில் விழ, கையை மடியில் வைத்துக்கொண்டு முதலில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுகிறேன்.