மாமனாரின் கண்ணாடித் தூள் விஞ்ஞானம்

கடைத்தெருவில் என் மாமனாருக்குப் பெயர் 'தள்ளி நில்லு'. தொழில் கண்ணாடி அறுப்பது. ஜன்னலுக்கோ அலமாரிக்கோ அளவு சொன்னால் அறுத்துக் கொடுப்பார். எந்தக் குழந்தை கடைப் படியில் கால் வைத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். வீட்டிலும் அதே வார்த்தைதான், அதே சத்தம்தான்.

அந்தக் குடும்பத்தில் பாதிப் பேருக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி. பால் பல் விழுவதற்குள் கண்ணில் புரை விழுந்துவிடும். மாமனாரின் அப்பாவுக்கு, மாமனாருக்கு, அவர் தம்பிக்கு, பிறகு என் கணவருக்கு. கணவருக்கு அதைக் கவனித்து ஆபரேஷன் செய்வதற்குள் ஐந்து வயதாகிவிட்டது. அதற்குள் இடது கண் பார்க்கக் கற்றுக்கொள்ளும் காலம் கடந்துவிட்டது. இன்றைக்கும் இடப்பக்கம் எது வந்தாலும் இடித்துவிட்டு 'சாரி' என்பார். தூணிடமும் சொல்வார்.

இதற்கெல்லாம் காரணம் கண்ணாடித் தூள் என்பது மாமனாரின் விஞ்ஞானம். அப்பா சட்டையில் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார், நான் கொண்டுவந்து மகனுக்குக் கொடுத்தேன் என்பார். எதிர்க்கேள்வி கேட்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் நாத்தனார் சின்ன வயதிலிருந்து தினமும் அந்தக் கடையைப் பெருக்கியவள். அவளுக்கோ கழுகுக் கண்.

"அவ கண்ண மூடிட்டுப் பெருக்குவா."

சரி, கடையை ஆரம்பித்த உங்கள் அப்பாவுக்கு அதற்கு முன்பே புரை இருந்ததே என்றால்,

"அது வெயில்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவர் பிடித்த முயலுக்குக் காலே கிடையாது.

இந்த விஞ்ஞானத்தால் மகனைத் தொழிலிலிருந்து துரத்தி பேக்கரியில் சேர்த்துவிட்டார். அங்கே நாள் முழுக்க மாவுத் தூள் பறந்தது. அதைப் பற்றி விஞ்ஞானம் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளைகள் இரண்டையும் மாமனார் ஒரு நாளும் தூக்கியதில்லையாம். குளித்து, உடை மாற்றி வந்தாலும் அறை வாசலிலேயே நின்று பார்ப்பாராம். "நகக்கண்ணுல தூசி இருக்கும்" என்பாராம். அக்கம்பக்கத்தில் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். எனக்கும் அதில் பெரிய சந்தேகம் இருக்கவில்லை.

நான் கருவுற்றதும் கடை இருக்கும் தெருவுக்கே எனக்குத் தடை விழுந்தது. மகள் பிறந்தாள். கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடலாம் என்றேன்.

"தூசியே படாத புள்ளைக்கு எதுக்குக் கண் டாக்டர்? வேற வேலை இல்லையா உனக்கு?"

என் கணவர் வழக்கம்போல் அப்பாவுக்கும் தலையாட்டினார், எனக்கும் தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை, குழந்தையை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு நின்றேன். மாமனார் வழக்கம்போல் அறை வாசலில் நின்றார். அவர் தொழிலில் கண்ணாடியை யாரும் நேராகப் பார்த்து வாங்குவதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் குமிழ் தெரியும். அவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார், நான் வைத்த குழம்பு உட்பட. அன்றைக்கும் தலை சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை.

"இந்தப் பக்கம் திருப்பும்மா. இப்ப அந்தப் பக்கம்."

திருப்பினேன்.

"பாப்பா கண்ணுல குமிழ் இருக்கு."

குனிந்து பார்த்தேன். இரண்டு கருவிழிக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் அதற்குள் செருப்புப் போடாமலே வண்டி பிடிக்க ஓடிவிட்டார்.

கண் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். சோடாப்புட்டிகளைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் முழுக்கப் புரதம். அது ஒழுங்கா அடுக்கி இருந்தாத்தான் வெளிச்சம் உள்ள போகும். அதை உண்டாக்கற மரபணு ஒண்ணுல உங்க குடும்பத்துக்குப் பிழை இருக்குபோல. புரதம் கோணலாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. முட்டை வெள்ளைக்கரு வெந்தா வெளுத்துடுதே, அது மாதிரி. எந்த மரபணுன்னு ரத்தத்தைப் பரிசோதிச்சுப் பார்க்கலாம், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்."

"எல்லாருக்கும் வரலையே?" என்றாள் நாத்தனார்.

"அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணுன்னு ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு இருக்கும். இந்த வகையில ஒண்ணு கெட்டிருந்தாலே போதும். அந்தக் கெட்டது குழந்தைக்குப் போகலாம், நல்லதும் போகலாம். ஒவ்வொரு தடவையும் பூவா தலையாதான்."

நாத்தனார் பிறப்பதற்கு முன்பே ஜெயித்துவிட்டிருக்கிறாள். அது தெரியாமல் இத்தனை காலம் கண்ணை மூடிப் பெருக்கியவள் என்று பெயர் வாங்கியிருக்கிறாள்.

மாமனார் மெதுவாகக் கேட்டார். "அப்ப தூசி?"

"தூசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. நல்லவேளை, இப்பவே கொண்டுவந்தீங்க. மூளை பார்க்கப் பழகற சமயம் இது. தள்ளிப்போட்டிருந்தா அப்புறம் ஆபரேஷன் பண்ணியும் பெரிசா பிரயோஜனம் இருந்திருக்காது."

அவர் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. என் கணவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப உன்னைத் தூக்கியிருக்கலாமேடா."

பேக்கரி வளர்த்த உடம்பு என் கணவருக்கு. "இப்ப தூக்குங்கப்பா" என்றார்.

"இப்ப தூக்கினா இடுப்பு ஒடிஞ்சிடும், போடா" என்று சொல்லிவிட்டு மாமனார் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவரை அவ்வளவு திட்டியிருந்தேன், ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று, நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து யாரிடம் கொடுப்பதென்று பார்த்தாள். மாமனார் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கியவர், ஒரு கையை அடியில் கொடுத்து, ஒரு கையைப் பக்கவாட்டில் வைத்து, குழந்தையை ஆணி அடித்த மாதிரி நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது? படுக்க வெச்சுப் பிடிங்க!" என்று நர்ஸ் அலறினாள்.

"படுக்க வெச்சுத் தூக்கினா உடைஞ்சிடும்மா" என்றார் மாமனார். கண்ணாடியை அப்படித்தான் சுமப்பார்கள், அவருக்குத் தெரிந்த சுமை அது ஒன்றுதான்.

கழுத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வழியாகக் கற்றுக்கொண்டார். சரி, போதும் என்று நாத்தனார் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

"தள்ளி நில்லு" என்றார்.