குடை பிடித்த கை

கம்ப்யூட்டரில் படம் வெட்டும்போது திறக்கும் கேன்வாஸ் சைஸ் என்ற அந்தப் பெட்டியைக் கண்டாலே இன்றும் எரிச்சல் வருகிறது. காந்திபுரத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது முறை அதைத் திறக்கிறேன். இமேஜ் சைஸ் படத்தையே இழுக்கும், சுருக்கும். கேன்வாஸ் சைஸ் படத்தைத் தொடாது, சுற்றியிருக்கும் இடத்தைத்தான் கூட்டும், குறைக்கும். குறைத்தால் ஓரத்தில் இருப்பது போய்விடும். கொஞ்சம் வெட்டுப்படும், தொடரலாமா என்று மரியாதையாக ஒரு கேள்வி வரும். நான் அதைப் படிப்பதே இல்லை.

போன வருடம் தாராபுரம் பக்கமிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். அவருடைய அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர் வேண்டுமாம். கையில் பழைய போட்டோ ஒன்று. தோட்டத்தில் போர்வெல் போட்ட அன்று எடுத்தது. பெரியவர் நிற்கிறார், பக்கத்தில் ஒரு பெண் அவருக்குக் குடை பிடிக்கிறாள்.

"ஏனுங்க அம்மணி, இந்தப் பொம்பள வேண்டாமுங்க. பண்ணையத்துல வேலைக்கு இருந்தவ. குடை மட்டும் இருக்கட்டுங்க" என்று அவள் முகத்தின் மேல் விரலை வைத்தார்.

அதுவும் என் ஊர்ப்பக்கம்தான். நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதுதான். அந்த விசாரணை எனக்கு ஆகாது.

ஸ்கேன் செய்து போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன். பேனர் ஆறடிக்கு நாலடி. கேன்வாஸ் சைஸ் பெட்டியின் ஒன்பது கட்டங்களில் இடப்பக்கக் கட்டத்தை அழுத்தி, வலப்பக்கத்தைக் குறைத்தேன். குடைக்காம்பு போய்விடக் கூடாதே என்று அவள் கையை மட்டும் மணிக்கட்டு வரை விட்டுவைத்தேன். ஓகே. சேவ். குளோஸ். எங்கள் கடையில் மூலப்படத்துக்கு நகல் வைப்பதில்லை, ஃப்ளெக்ஸ் ஃபைல் இடத்தை அடைக்கும் என்று ஓனர் கத்துவார். முகத்தை நான் பார்க்கவே இல்லை. அளவைத்தான் பார்த்தேன்.

மெஷினிலிருந்து பேனர் இறங்கியபோது அந்தக் கை என் தலை அளவுக்கு இருந்தது. மணிக்கட்டில் பச்சை குத்திய தேள். கொடுக்கு இல்லாத தேள். வலி பொறுக்காமல் பாதியில் எழுந்து ஓடிவிட்டதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது என் அம்மா. நான் ஐந்தாவது படிக்கும்போது செத்துப்போனாள். அவளுக்கு ஒரு போட்டோகூட இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஃபைலைத் திறந்தேன். மணிக்கட்டோடு முடிந்தது.

பேனரை அவர் வாங்கிப் போய் ஒரு வாரம் கழித்துத்தான், வெட்கத்தை விட்டு அவருக்குப் போன் செய்தேன். அந்தக் குடை பிடித்தவர் என் அம்மா, போட்டோவை ஒருமுறை கொடுங்கள் என்று கேட்டேன்.

"அவ புள்ளையா நீ?" என்றார். அம்மணியும் இல்லை, மரியாதையும் இல்லை. "நீ வெட்டுனது நல்லா இருந்துதுன்னு போட்டோவையும் அதே அளவுக்குக் கத்தரிச்சு ஃப்ரேம் போட்டாச்சு. மிச்சத்தக் குப்பையோட எரிச்சுப்போட்டோம்."

போனை வைத்துவிட்டார். அந்த ஆளை வாயில் வந்தபடி திட்டினேன், கடையே திரும்பிப் பார்த்தது. திட்டித் தீரவில்லை. கத்தரித்தது அவர். அளவு கொடுத்தது நான்.